வெயிலைப் பங்கிட்டுக் கொண்ட மலைநகரம்

சண்டிகரில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் ஒரு செய்தியை முதல் நாளிலேயே அறிந்து கொள்கின்றனர். அங்கே வீடு தேடுவோர் பக்கத்துக் கோயிலின் பெயரையோ, முச்சந்தி மரத்தையோ அடையாளமாகச் சொல்லிப் பயனில்லை. செக்டர் எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னால் போதும். ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாக வகுக்கப்பட்ட நகரம் அது. கோயிலையும் குளத்தையும் நடுவில் வைத்து வளர்ந்த ஊர்களில் பிறந்த நமக்கு இந்த ஒழுங்கு முதலில் சற்று விந்தையாகவே தோன்றும்.

அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் தீட்டியிருந்த முதல் திட்டத்தை 1951-இல் கையேற்று, அதனைத் திருத்தி, இந்நகருக்கு இன்றைய உருவைத் தந்தவர் லெ கொர்புஸியே என்னும் கட்டடக் கலைஞர். பாரிஸிலிருந்து வந்தவராதலின், அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றே பலரும் எண்ணுவர். பிரெஞ்சுக் குடியுரிமையை அவர் பெற்றது 1930-இல்தான். 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் அவர் பிறந்தது ஸ்விட்ஸர்லாந்தின் மலைநகரம் ஒன்றில்; கடிகாரத்துக்கு எண்தகடு செய்வோர் வீட்டில். அந்நகரமும் அளவுகோல் வைத்து வகுக்கப்பட்டதே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரையப்பட்டது என்று எளிதாக முடிவு கட்டிவிடலாகாது. எனினும், சண்டிகரின் வீதிகளில் நடக்கும் நம்மவர் அந்த மலைநகரின் கதையைத் தெரிந்து வைத்திருத்தல் நன்று.

லா ஷோ த ஃபோன் என்பது அந்நகரின் பெயர். ஸ்விட்ஸர்லாந்து என்றதும் பனிமுடி சூடிய ஆல்ப்ஸ் மலையே நம் மனக்கண்ணில் தோன்றும். இந்நகர் ஆல்ப்ஸில் இல்லை. நாட்டின் வடமேற்கு எல்லையில், பிரான்சை ஒட்டிக் கிடக்கும் ஜூரா மலைத்தொடரில், நூஷாத்தேல் மாநிலத்தில் உள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். பெங்களூரில் வாழும் நம் அன்பர்கள் தம் ஊரின் உயரத்தைவிட இது சற்றே மிகுதி என்று அறிந்தால் வியப்படைவர். ஆனால், பெங்களூருக்கு இதமான தென்றலைத் தரும் அதே உயரம், வடக்கே வெகுதொலைவிலுள்ள இவ்வூருக்கு மாதக்கணக்கில் உறைபனியைத் தருகிறது.

குளிர் ஒன்று மட்டுமே குறையாக இருந்திருந்தால் தாழ்வில்லை. ஜூரா மலை சுண்ணாம்புப் பாறையாலானது. பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளில் இறங்கி மறைந்துவிடும். ஊருக்கென்று சொல்லத்தக்க ஆறு கிடையாது. திராட்சை இங்கு விளையாது. தானியமும் சரிவர முதிராது. புல்வெளியும் ஊசியிலைக் காடும் உண்டு; மாடு வளர்க்கலாம்; பாலாடைக்கட்டி செய்யலாம். மற்றபடி, ஒரு பெருநகரம் எழுவதற்குரிய காரணம் எதனையும் இயற்கை இவ்விடத்தில் வைக்கவில்லை.

பின்னர் நகரம் எழுந்தது எவ்வாறு? நீண்ட குளிர்காலமே அதற்கு விடை. பனி மூடிய மாதங்களில் குடியானவர்க்கு வயலில் வேலையில்லை. பெண்கள் சரிகைப் பின்னலைப் போன்ற நூற்பின்னல்கள் செய்தனர். ஆண்கள் உலைக்களத்தில் பூட்டும் சாவியும் செய்தனர். இவ்வாறு பழகிய கைகளுக்குக் கடிகாரம் வந்து சேர்ந்தது பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1679-ஆம் ஆண்டளவில் குதிரை வணிகர் ஒருவர் இப்பக்கம் வந்தாராம். அவரிடமிருந்த ஆங்கிலக் கடிகாரம் ஓடாமல் நின்றுவிட்டதாம். தானியேல் ஜான்ரிஷார் என்னும் கொல்லர் வீட்டு இளைஞன் அதைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டதோடு நில்லாமல், வேண்டிய கருவிகளைத் தானே செய்து கொண்டு புதிதாக ஒரு கடிகாரத்தையும் படைத்துவிட்டானாம். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது அறிஞர்களின் வாதத்திற்குரியது. ஜான்ரிஷார் என்பார் அண்டை ஊராகிய லெ லோக்லில் 1705-ஐ ஒட்டிக் குடியேறி, பலருக்குத் தொழில் பயிற்றி, 1741-இல் மறைந்தார் என்பது மட்டும் கதையன்று.

கடிகாரத் தொழில் இம்மலைக்கு மிகப் பொருந்தியதன் காரணம் எளிதில் விளங்கும். அதற்கு வேண்டும் உலோகம் சிறிதளவு. விலையோ வேலைப்பாட்டில் உள்ளது. ஒரு குளிர்காலம் முழுதும் ஒரு குடும்பம் செய்த சக்கரங்களை ஒருவர் தோட்பையில் வைத்துப் பனிவழியே சுமந்து சென்றுவிடலாம். ஆகவே, ஒரு பண்ணை வீட்டில் பல்சக்கரம், மற்றொன்றில் சுருள்வில், வேறொன்றில் முள், இன்னொன்றில் மேலுறை எனத் தொழில் பிரிந்தது. வணிகர் ஒருவர் உலோகத்தையும் மாதிரியையும் வீடு வீடாகக் கொடுத்து, உறுப்புகளைத் திரட்டி, தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துப் பொருத்துவித்தார். முழுக் கடிகாரத்தையும் யாரும் தனியே செய்யவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பில் தலைசிறந்தவராயினர்.

இத்திறன் எந்த அளவுக்கு உயர்ந்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். இவ்வூரில் 1721-இல் பிறந்த பியேர் ஜாக்கே துரோ, தம் மகனுடனும் உதவியாளருடனும் சேர்ந்து மூன்று இயந்திரப் பொம்மைகளைச் செய்தார். 1774-இல் அவை மக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று எழுதும் சிறுவன். ஏறக்குறைய 6,000 உறுப்புகள் கொண்ட அப்பொம்மை, இறகுப் பேனாவை மையில் தோய்த்து, உதறி, நாற்பது எழுத்துகள் வரை எழுதும். எழுத வேண்டியதை மாற்றியமைக்கவும் இயலும். நூஷாத்தேல் அருங்காட்சியகத்தில் அது இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்படி வளர்ந்து வந்த ஊருக்கு 1794-ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. மே 4-ஆம் நாள் இரவில் மூண்ட தீ, விடிவதற்குள் ஊரின் முக்கால் பங்கைச் சாம்பலாக்கியது. எரிந்த இடத்திலேயே பழையபடி நெருக்கமாக வீடுகளை எழுப்பிக் கொள்வதே எங்கும் மக்கள் செய்வது. இவ்வூரார் அவ்வாறு செய்யவில்லை. சித்திரம் பொறிக்கும் செதுக்கு வேலைக்காரரான மொயீஸ் பெரே ஜான்தி என்பவர் ஊரின் நடுப்பகுதிக்குப் புதிய அமைப்பு வகுத்தார். மக்கள்தொகை பெருகவே, ஷார்ல் ஆன்ரி ஜுனோ என்னும் பொறியாளர் 1835 முதல் 1841 வரை அதனை விரித்து ஒரு பெருந்திட்டமாக்கினார். இன்றைய நகர் அதன்படியே எழுந்தது.

அத்திட்டத்தின் உயிர்நாடி வெயில் எனலாம். தலைமயிரினும் மெல்லிய அச்சைத் துளையில் பொருத்தும் தொழிலாளிக்கு உளியும் அரமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது வெளிச்சம். மின்விளக்கு இல்லாத காலம், எண்ணெய் விளக்கின் சுடர் நடுங்கும், கண் கெடும். குளிர்காலத்துப் பகலோ மிகக் குறுகியது. ஆதலின், பள்ளத்தாக்கின் போக்கிலேயே நீண்ட நேரான தெருக்களை ஒன்றுக்கொன்று இணையாக அமைத்தனர். தெரு, அடுத்து வீட்டு வரிசை, அதன் தென்புறம் தோட்டம், மீண்டும் தெரு என்பது அமைப்பு. முன்வரிசையின் நிழல் பின்வரிசையின் சாளரத்தில் விழாதபடி இடைவெளி விட்டனர். மலைச்சரிவில் வரிசைகள் படிப்படியாக உயர்ந்தமையும் இதற்குத் துணை செய்தது. தீ ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கும் இவ்விடைவெளி தடையாயிற்று. தெருவில் குவியும் பனியை ஒதுக்கவும் இடம் கிடைத்தது.

இதில் நாம் கருதத் தக்கது ஒன்று உண்டு. பல ஊர்களில் நல்ல காற்றும் வெளிச்சமும் செல்வர் தெருவுக்கு உரியவை. ஏழைக்குச் சந்தும் இருளும் எஞ்சும். இங்கோ முதலாளியின் வீடும் தொழிலாளியின் குடியிருப்பும் அதே வரிசைகளில் கலந்து நின்றன. பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மேல்மாடிகளில் அகன்ற சாளரங்களை ஒட்டி வேலைமேசைகள் வரிசையாக இடப்பட்டன. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக் கொண்டு ஆணும் பெண்ணும் அங்கே அமர்ந்தனர். தொழிலுக்குத் தேவையாக இருந்தமையால், வெயில் பொதுச் சொத்தாயிற்று.

1850-இல் ஏறக்குறைய 13,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1900-இல் 36,000-ஐ எட்டியது. அவர்களுள் பலர் வேலை தேடி வந்த வெளியூரார். ஜெர்மன் மொழி பேசும் ஸ்விஸ் மாநிலத்தார், பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்து வந்த யூத வணிகர் எனப் பல திறத்தார். யூதர்கள் 1896-இல் கட்டி முடித்த பெரிய தொழுகைக் கூடம் இன்றும் நகரில் நிற்கிறது. ஊரின் சின்னத்தில் தேன்கூடும் தேனீக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. வந்தேறிய தேனீக்களே இக்கூட்டை நிரப்பின.

காரல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ என்னும் நூலின் முதற்பாகத்தில் இந்நகரைக் குறிப்பிடுகிறார். 1854-இல் ஜெனீவா நகர் 80,000 கடிகாரங்கள் செய்தது என்றும், லா ஷோ த ஃபோன் மட்டும் ஆண்டுதோறும் அதைப்போல் இரு மடங்கு செய்கிறது என்றும் கணக்குக் காட்டி, இந்நகர் முழுவதையுமே ஒரு பெருங்கடிகாரத் தொழிற்சாலையாகக் கருதலாம் என்கிறார். ஆனால் அத்தொழிற்சாலைக்கு வாயிற்கதவு இல்லை. சங்கு ஊதுவோரும் இல்லை. சிறு பட்டறைகளில் சத்தமின்றி வேலை நடந்தமையால் பேசவும், செய்தித்தாள் படிக்கவும், வாதிடவும் முடிந்தது. 1872-இல் ஜூராவுக்கு வந்த ருஷ்யப் புரட்சியாளர் குரோபோட்கின், இக்கடிகாரத் தொழிலாளரின் தற்சார்பான சிந்தையைக் கண்டு தம் கொள்கையையே உறுதி செய்து கொண்டதாகத் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியுள்ளார்.

அந்தச் சிந்தை பேச்சோடு நின்றதன்று. நூஷாத்தேல் 1815 முதல் ஸ்விஸ் கூட்டாட்சியில் ஒரு மாநிலமாக இருந்தும், பிரஷ்ய மன்னரின் உடைமையாகவும் விளங்கிய விந்தையான நிலையில் இருந்தது. 1848 மார்ச் 1-ஆம் நாள், ஃபிரிட்ஸ் கூர்வுவாஸியே என்பவரின் தலைமையில் இம்மலையூர்களின் மக்கள் ஆயுதமேந்தி, பனி மூடிய கணவாயைக் கடந்து தலைநகருக்கு இறங்கி, கோட்டையைக் கைப்பற்றிக் குடியரசை நிறுவினர்.

ஊரின் மற்றொரு குறை தண்ணீர். கிணறுகளையும் மழைநீர்த் தொட்டிகளையுமே நம்பியிருந்த நகருக்கு, 1887-இல் ஆரூஸ் ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்து நீரை ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் இறைத்து ஏற்றிக் குழாய் வழியே கொணர்ந்தனர். குடத்துடன் காத்து நின்ற அனுபவமுடைய நமக்கு, அந்நாளில் அவ்வூர் கொண்ட மகிழ்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே ஆண்டில்தான் லெ கொர்புஸியே பிறந்தார். ஷார்ல் எதுவார் ஜானரே என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை கடிகார எண்தகட்டுக்கு எனாமல் பூசுபவர். தாய் இசை கற்பிப்பவர். மேலுறைகளில் சித்திரம் பொறிக்கும் தொழிலைக் கற்க உள்ளூர்க் கலைப் பள்ளியில் சேர்ந்தார் சிறுவர். அங்கே ஆசிரியர் ஷார்ல் லெப்லாத்தெனியே, ஜூராவின் ஊசியிலை மரத்தையே எழுத்தாகக் கொண்டு புதிய அலங்கார முறையொன்றை வளர்த்து வந்தார். கண்பார்வை குறைந்த அம்மாணவரைக் கட்டடக் கலைக்குத் திருப்பியவர் அவரே. 1912-இல் தம் பெற்றோர்க்கென அவர் கட்டிய வெள்ளை வீடு இன்றும் அங்குள்ளது. 1917-இல் அவர் ஊரை விட்டுப் பாரிஸ் சென்றார்.

சண்டிகரில் அவர் எதிர்கொண்டது பிறந்த ஊருக்கு நேர்மாறான சிக்கல். அங்கே வெயிலை விருந்தினராக அழைக்க வேண்டும். பஞ்சாபின் கோடையிலோ வாயிலிலேயே நிறுத்த வேண்டும். தலைமைச் செயலகத்திலும் உயர்நீதி மன்றத்திலும் சாளரங்களுக்கு முன்னே ஆழமான கற்காரைத் தடுப்புகளை அமைத்தது அதற்காகவே. கதிரவனின் போக்கை விளக்கும் நிழற்கோபுரம் ஒன்றையும் அவ்விடத்திற்குத் திட்டமிட்டார். அழைத்தாலும் தடுத்தாலும், வெயிலைக் கணக்கிடாமல் வீடு கட்டலாகாது என்பது இரு நகருக்கும் பொது.

இனி இந்நகர் பட்ட துன்பங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் அமெரிக்கரின் இயந்திரக் கடிகாரங்கள் ஸ்விஸ் தொழிலாளரைத் திகைக்க வைத்தன. வீட்டுப் பட்டறைகள் பல மறைந்து ஆலைகள் எழுந்தன. அடுத்து வந்த தீங்கு ஒளியின் வடிவிலேயே வந்தது. இருளிலும் எண்கள் தெரிய வேண்டும் என்பதற்காக இருபதாம் நூற்றாண்டில் எண்தகடுகளில் ரேடியம் கலந்த வண்ணம் தீட்டினர். அவ்வேலை பெரும்பாலும் பெண்களின் கையில், பல சமயம் வீட்டிலேயே நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவ்வழக்கம் நின்றது. ஆனால் ரேடியம் எளிதில் அழிவதன்று. பழைய வேலைக்கூடங்களின் தரையிலும் தோட்டத்து மண்ணிலும் எஞ்சிய கதிரியக்கத்தைத் தேடித் துப்புரவு செய்ய 2015-இல் ஸ்விஸ் அரசு தனித் திட்டம் வகுக்க நேர்ந்தது. வெயிலைத் தேடிக் கட்டிய வீடுகளில் இப்பொய்யொளியும் குடிபுகுந்தது வருந்தத்தக்கதே.

பேரிடர் 1970-களில் வந்தது. 1969 இறுதியில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. படிகம் ஒன்றின் அதிர்வைக் கொண்டு ஓடும் அது, சக்கரக் கடிகாரத்தைவிடத் துல்லியமானது. விரைவில் விலையிலும் மலிந்தது. குவார்ட்ஸ் மாதிரியொன்றை நூஷாத்தேல் ஆய்வாளரே 1967-இல் செய்து முடித்திருந்தும், பழகிய வழியைவிட்டுத் தொழில் எளிதில் திரும்பவில்லை. 1970-இல் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தனர். 1980-களின் நடுவில் அது 30,000-ஐச் சற்றே விஞ்சியது. 42,000-க்கு மேல் இருந்த நகரின் மக்கள்தொகை பத்தாண்டில் ஏறத்தாழ 37,000 ஆயிற்று. தாத்தாவும் தந்தையும் அமர்ந்த மேசையில் அமர ஆளின்றிப் பல மாடிகள் பூட்டப்பட்டன. நம் நாட்டிலும், ஜப்பானிய சிட்டிஸன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் பெங்களூரில் கடிகார ஆலை தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவு செய்தபோது, ஒரு தொழில் ஓய்வது குடும்பங்களுக்கு எத்தகையது என்பதை நாம் கண்டோம்.

ஆனால் இம்மலைநகர் ஓயவில்லை. 1983-இல் வெளிவந்த ‘ஸ்வாட்ச்’ என்னும் மலிவான பிளாஸ்டிக் கடிகாரம் ஸ்விஸ் தொழிலுக்கு மீண்டும் மூச்சளித்தது. நேரம் அறிவதற்குத் தேவையில்லாமற் போன சக்கரக் கடிகாரத்தையும், அதன் வேலைப்பாட்டிற்காகவே உலகம் விரும்பி வாங்கத் தொடங்கியது. மறைந்துவிடும் என்று கருதிய கைத்திறனுக்கு மீண்டும் விலை பிறந்தது. 1974-இல் நிலத்தடியில் அமைத்த அனைத்துலகக் கடிகார அருங்காட்சியகத்தில் பழங்கடிகாரங்களைப் பழுது பார்க்கும் கலையும் பேணப்படுகிறது. 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் லா ஷோ த ஃபோனையும் லெ லோக்லையும் ஒருங்கே உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அரண்மனைக்காகவோ, மாபெரும் தேவாலயத்திற்காகவோ அன்று. தொழிலாளர் வாழவும் வேலை செய்யவும் வகுத்த தெருக்களுக்காகவே இப்பெருமை வந்தது. 2016-இல் சண்டிகரின் தலைமைச் செயலகப் பகுதியும் அதே பட்டியலில் இடம்பெற்றது.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம், கையிலுள்ள தொழிலையே விளைநிலமாகக் கொண்டவர்கள். மண் விளையாத ஊரில் கைத்திறனே விளைநிலமாக வாழ்ந்த அம்மலைமக்கள் நமக்கு அயலார் அல்லர். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது தொழில் நுட்பம் மட்டுமன்று. ஊரெல்லாம் எரிந்த மறுநாளும், தன் வீட்டுச் சுவரை எங்கே எழுப்புவது என்று எண்ணுகையில், அதன் நிழல் அண்டை வீட்டான் மேசையில் விழுமோ என்றும் எண்ணினர். நகரங்களில் ஓர் அங்குல இடத்திற்கும் போட்டியிட்டுச் சுவர் உயர்த்தும் இந்நாளில், நாமும் ஒருமுறை சாளரத்தைத் திறந்து பார்ப்போம். நம் வீட்டுக்குள் வரும் வெயிலுக்கு யாரோ ஒருவர் வழிவிட்டிருக்கிறார். நாம் எவருக்கு வழிவிட்டோம்?